கலர் வந்தால் கேபிளைத் தொடாதே

சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு அயல்நாட்டுப் படத்தை எப்படிக் காட்டுவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ஓசோன் 2016-ல் எடுத்த ‘ஃப்ரான்ட்ஸ்’. இதுவரை நான்கு முறை போட்டிருக்கிறோம். காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் ஒரு தடவை, பள்ளத்தூரில் ஒரு தடவை, எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றின கூடத்தில், இரண்டு தடவை. கண்டனூரில் போட்டதை நானே கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் இதில் முக்கியமான பாடம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பிரெஞ்சும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டு, படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் சொல்வேன். ப்ரொஜெக்டர், வயர், ஸ்பீக்கர் எல்லாம் என் தம்பி மகன் பொறுப்பு. பார்க்க வருகிறவர்கள் பதினைந்து இருபது பேர். பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டிய ஆச்சிமார். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். இவர்கள் எட்டுக் கட்டு வீட்டில் ஒரு அறையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இருப்பவர்கள். சொந்தபந்தத்துக்குள் டிஸ்க் வாங்கிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். நோட்டீஸ் அடித்து, டிக்கெட் போட்டு ஊருக்குக் காட்டுவதென்றால் படத்தின் உரிமைக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரகசியத்தை இப்போதே உடைக்கப் போகிறேன். கதை சொல்ல உட்காருகிறவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். வெறுமனே பார்க்க நினைப்பவர் இங்கே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1919. முதல் உலகப் போர் முடிந்து சில மாதங்கள். ஜெர்மனியில் க்வெட்லின்பர்க் என்ற சின்ன ஊர். ஆன்னா என்ற பெண்ணுக்கு நிச்சயம் செய்திருந்த ஃப்ரான்ட்ஸ் பிரான்சில் போர்க்களத்தில் செத்துப்போனான். அவனுடைய அப்பா அம்மாவோடு அவள் இருக்கிறாள். ஊரில் அவனுக்குக் கல்லறை உண்டு, உள்ளே உடல் கிடையாது. அந்தக் கல்லறையில் ஒருநாள் யாரோ பூ வைத்திருக்கிறார்கள். வைத்தவன் ஒரு பிரெஞ்சுக்காரன், ஆட்ரியன். ஃப்ரான்ட்ஸின் அப்பா டாக்டர். பிரெஞ்சுக்காரன் ஒவ்வொருவனும் என் மகனைக் கொன்றவன் என்று முதலில் விரட்டிவிடுகிறார். அப்புறம் பாரிஸில் ஃப்ரான்ட்ஸின் சிநேகிதன் என்று அவனை நம்பி, வீட்டுக்குள் விட்டு, மகனுடைய வயலினையே எடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். உண்மை என்னவென்றால் அவன் சிநேகிதன் இல்லை. பதுங்குகுழியில் நேருக்கு நேர் நின்று ஃப்ரான்ட்ஸைச் சுட்டவனே அவன்தான். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு வாய் வரவில்லை. சிநேகிதனா என்று அவர்களாகக் கேட்டார்கள், ஆமாம் என்றுவிட்டான்.

ஆன்னாவிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போகிறான். அவள் பெரியவர்களிடம் சொல்லவில்லை. கடல் கடந்த ஊரில் நம்மவர் வட்டிக்கடையில், பெட்டியடியில், மேலாள் கணக்கு முடித்துக் கப்பலேறினால் அடுத்தாள் பேரேட்டை வாங்கிக்கொண்டு கடையை நடத்துவாரே, அந்த மாதிரி அவன் தொடங்கின பொய்யை இவள் வாங்கி நடத்துகிறாள். இரண்டாம் பாதியில் அவனைத் தேடிப் பிரான்சுக்குப் போகிறாள். அங்கே என்ன ஆகிறது என்பதைப் படத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இதே கதையை எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932-ல் ஹாலிவுட்டில் எடுத்திருக்கிறார். இரண்டுக்கும் மூலம் மொரிஸ் ரோஸ்டாண்டின் நாடகம். லூபிட்ச் படத்தில் கொன்றவன் யார் என்று நமக்கு முதலிலேயே தெரியும், அவன் தவிப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஓசோன் கதையைப் பெண் பக்கம் திருப்பிவிட்டார். அவளோடு சேர்ந்து நாமும் ஏமாறுகிறோம். அப்படியானால் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறவள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அந்த ஏமாற்றுக்கு உடந்தை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லா ஏற்பாடும்.

இடம்

வளவில் போடுவது அழகு, ஆனால் நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. இது பெரும்பகுதி கறுப்பு வெள்ளைப் படம். இருட்டு நன்றாக இருந்தால்தான் முகம் தெரியும். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் நாலு நாள் வேண்டாம். மாலை ஏழு மணிக்கு முன்னால் தொடங்க வேண்டாம். அதற்காக ரொம்ப இழுத்தாலும் ஆச்சிமார் தூங்கிவிடுவார்கள். படம் ஒரு மணி ஐம்பத்து மூன்று நிமிஷம், இடைவேளை கால் மணி. ஏழே காலுக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

வெள்ளைச் சுவர் இருக்கிறதே என்று நேராகச் சுவரில் அடிக்காதீர்கள். நம் வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினது. ப்ரொஜெக்டர் வெளிச்சம் அதில் ஒரு பந்து மாதிரி பளிச்சென்று நிற்கும். ஆன்னாவின் நெற்றியில் சூரியன் உதித்த மாதிரி இருக்கும். கரையில்லாத எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் ஒட்டித் தையுங்கள். தையல் கோடு முகத்துக்கு நடுவில் வரக்கூடாது. கீழ்ப்பக்கம், சப்டைட்டில் ஓடுகிற இடத்தில் வரட்டும். அதை யாரும் படிக்கப்போவதில்லை. வேட்டியின் அடியில் இரண்டு மூன்று செங்கலைச் சுருட்டிக் கட்டிவிட்டால் காற்றில் ஆடாது.

தூணுக்குப் பின்னால் நாற்காலி போடாதீர்கள். பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பாதிப் படம்தான். ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழத்த சுவரும் சேர்ந்து சத்தத்தைப் பந்தாடும். வீட்டில் இருக்கிற ஜமக்காளம் பாய் அத்தனையும் விரித்துவிடுங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் காது உயரத்தில், முன்னால் வையுங்கள். கதை சொல்லும்போது படத்தின் சத்தம் மூன்றில் ஒரு பங்கு. சொல்லி முடித்த உடனே ஏற்றிவிட வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்துக்கென்றே ஒரு ஆள் தேவை. என் தம்பி மகனுக்கு என் கை ஜாடை பழகிவிட்டது.

பலகாரத்தில் ஒரே விதி, கடிக்கும்போது சத்தம் வரக்கூடாது. சீப்புச்சீடை, தேன்குழல் இரண்டும் படம் முடிந்த பிறகு. இடைவேளையில் கும்மாயம் கொடுங்கள், அல்லது கவுனி அரிசி. பல் செட் போட்டவர்களுக்கும் தோது.

தயாரிப்பு

மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். ஆச்சிமார் ஏமாறப்போகிற மாதிரியே நீங்களும் ஒரு தடவை ஏமாற வேண்டும், அது இரண்டாவது தடவை கிடைக்காது. இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். மூன்றாம் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் எழுதினது நாற்பது பக்கம் வந்தது. மூன்றாம் தடவையில் பதினாறு பக்கமானது. ஒரு ஆள் கதவைத் திறந்து ‘வாங்க’ என்பதையெல்லாம் சொல்ல வேண்டாம். அது வேட்டியிலேயே தெரிகிறது.

பெயர்கள் மூன்று போதும்: ஃப்ரான்ட்ஸ், ஆட்ரியன், ஆன்னா. மற்றவர்கள் டாக்டர் ஐயா, அவர் வீட்டுக்காரம்மா, ஆன்னாவைக் கட்டிக்கொள்ள அலைகிற ஆள். நீங்கள் என்ன பெயர் சொன்னாலும் அவர்கள் வேறு வைத்துக்கொள்வார்கள். ஆட்ரியனுக்கு மெல்லிய மீசை. ஐந்தாவது நிமிஷத்திலிருந்து அவன் ‘அந்த மீசைக்காரன்’தான்.

போரைப் பற்றி முன்னாலேயே சொல்ல வேண்டும், ஆனால் வகுப்பெடுக்கக் கூடாது. என் ஆரம்பம் எம்டனிலிருந்து. ‘அவன் எம்டன்டி’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர். அந்தக் கப்பல்காரர்கள் ஊர்க் கதைதான் இது என்று சொன்னால் போதும், ஜெர்மனி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் இரண்டு வாக்கியம்: போர் 1918 நவம்பர் 11-ல் நின்றது. அதற்குள் ஜெர்மனியில் ஏறக்குறைய 20 லட்சம் சிப்பாய், பிரான்சில் ஏறக்குறைய 14 லட்சம் சிப்பாய் செத்துப்போனார்கள். எண்ணைச் சொன்னவுடன் ஆச்சிமார் ‘ச்சொ’ கொட்டுவார்கள். அங்கே படத்தைத் தொடங்கிவிடுங்கள்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும். கழுத்துரு, அதாவது எங்கள் பக்கத்துத் தாலி, ஏறாத பெண் எப்படி மாமனார் வீட்டில் இருக்கிறாள்? நீளமாக விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ‘மகளாட்டம் வச்சிருக்காக’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். பள்ளத்தூரில் அதற்குள் இரண்டு பேர் சண்டையே போட்டுவிட்டார்கள்.

ஜெர்மன் எது, பிரெஞ்சு எது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் இந்தப் படத்தின் பாதி வலியே அதில் இருக்கிறது, எதிரியின் பாஷை தெரிந்தவர்கள்தான் இதில் மனசு விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு குரல் வைத்துக்கொண்டோம். ஜெர்மனுக்கு நான், பிரெஞ்சுக்குத் தம்பி மகன். ஆட்ரியன் ஜெர்மனில் பேசும்போது மட்டும் என் எழுத்தைத் தம்பி மகன் வாசிப்பான், கொஞ்சம் தட்டுத் தடுமாறி. அவனுக்கு அது நடிக்க வேண்டியதில்லை, என் கையெழுத்து அப்படி.

எந்தத் தமிழில் சொல்வது? முதலில் எனக்கு ஒரு ஆசை வந்தது, எல்லாரையும் செட்டிநாட்டுப் பேச்சில் பேசவிட்டேன். ஃப்ரான்ட்ஸின் அம்மா ‘வாங்கப்பச்சி, உக்காருங்க’ என்றதும் வளவே சிரித்தது. அழ வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். மேடைத் தமிழும் ஆகாது, ‘நீர் யார்?’ என்றால் வள்ளி திருமணம் நினைவுக்கு வரும். ஊர் தெரியாத, அலங்காரம் இல்லாத பேச்சுத் தமிழ். அதுவும் குறைவாக.

இரவல் குரலில் படம் காட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன் 1944-லேயே கன்னட அரிச்சந்திராவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். பொய்யே சொல்லாதவன் கதைக்கு அடுத்தவர் வாய். நினைத்தால் சிரிப்பு வரும்.

‘ஆம்’ என்ற விகுதி

இப்போது கண்டனூர்க் கதை. ஆட்ரியன் டாக்டர் வீட்டில் உட்கார்ந்து பாரிஸ் நினைவுகளைச் சொல்கிறான். லூவர் அருங்காட்சியகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போவோம், நான் அவனுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தேன் என்றெல்லாம். படமும் அதைக் காட்டுகிறது, இரண்டு பையன்களும் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் மைக்கில் என்ன சொன்னேன்? ‘ரெண்டு பேரும் படம் பாக்கப் போனாங்களாம். இவன் அவனுக்கு வயலின் கத்துக்குடுத்தானாம்.’

முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி உடனே திரும்பிக் கேட்டார். ‘போனாங்களாம்னா? அப்பப் போகலையா?’

போயிற்று. ஒரு எழுத்துத்தான், மொத்தப் படமும் உடைந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு, ‘மாயாசனகன் வந்த மாதிரி வந்திருக்கானாக்கும்’ என்றார். கம்பன் கழகத்து ஊரான காரைக்குடியைச் சுற்றி வாழ்கிறவர்கள். அசோகவனத்தில் சீதையின் அப்பா வேஷத்தில் ஒருவன் வந்து அழுததைக் காது குளிரக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஒரு நூல் முனை போதும். அதற்கப்புறம் ஆட்ரியன் வயலின் வாசித்தபோது ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

முப்பத்தோரு வருஷம் இலக்கணம் நடத்தினவள் இதில் கோட்டை விட்டேன். தமிழில் ஒரு சங்கதியைச் சொல்லும்போது நான் கண்டதா, கேட்டதா என்று சொல்லாமல் தப்பிப்பது கஷ்டம். ‘போனான்’ என்றால் சாட்சி சொல்கிறேன். ‘போனானாம்’ என்றால் கை கழுவுகிறேன். சப்டைட்டில் ஆங்கிலத்தில் இந்தத் தொல்லையே இல்லை, அதைப் பார்த்து எழுதும்போது கவனிக்கத் தவறிவிட்டேன். ‘போனாங்க’ என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் தப்பு. இப்போது பொய் சொல்வது ஆட்ரியன் இல்லை, நான். ரகசியம் உடைந்த பிறகு ஆச்சிமார் என்னைத்தான் கேட்பார்கள், ‘நீதானே சொன்னே?’

வழி ஒன்றுதான். அந்த இடம் முழுவதும் அவன் வாயாலேயே பேச வேண்டும். ‘நாங்க லூவருக்குப் போவோம். நான் அவனுக்கு வயலின் சொல்லிக்குடுத்தேன்.’ தன்மை இடத்தில் சொல்லிவிட்டால் ‘ஆம்’ தேவைப்படாது. பொய்யும் அவனுடையதாகவே இருக்கும், சொல்கிறவர் கையில் ஒட்டாது. ‘என்று சொல்கிறான்’ என்பதையும் எடுத்துவிடுங்கள், ‘ஆம்’ செய்கிற வேலையை அதுவும் செய்யும். குரலில் சந்தேகம் வேண்டாம், உருக்கமும் வேண்டாம். கடைக்குப் போன கதையைச் சொல்கிற மாதிரி சொல்லுங்கள். பள்ளத்தூரில் இப்படிச் சொன்னபோது, உண்மை வெளியான இடத்தில் ஒருத்தர் ‘அடப்பாவி’ என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கிடைத்த மார்க்.

கலர்

இந்தப் படம் கறுப்பு வெள்ளையில் போய்க்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் மெல்லக் கலராகும், பிறகு திரும்ப வெளுத்துவிடும். முதல் காட்சியன்று பாரிஸ் நினைவு வந்து கலர் ஏறினதும் தம்பி மகன் ஓடிப்போய் கேபிளைப் பிடுங்கி ஊதிச் சொருகினான். ‘அயித்தை, லூஸ் கனெக்ஷன்’ என்றான். ஒரு நிமிஷம் வேட்டி நீலமாக நின்றது. கூட இருந்து இயக்குகிறவரையும் படத்தை ஒரு தடவை முழுதாகப் பார்க்கவையுங்கள். கலர் வந்தால் கேபிளைத் தொடாதே என்று ப்ரொஜெக்டர் மேலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

பார்ப்பவர்களுக்கு இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். தானாகக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒருவர், ‘கலர் வந்தா பொய் வருது’ என்றார். பாதி சரி. நடந்த சந்தோஷத்துக்கும் கலர் வருகிறது, நடக்காத சந்தோஷத்துக்கும் கலர் வருகிறது. கடைசிக் காட்சிக்கும் வருகிறது. ஓசோன் இரண்டுக்கும் ஒரே சாயத்தைப் பூசியிருக்கிறார் என்பதுதான் விஷயம். படம் முடிந்தபின் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஒளிப்பதிவாளர் பாஸ்கல் மார்தி இதற்குத்தான் பிரான்சில் சீசர் விருது வாங்கினார்.

எங்கே வாயை மூட வேண்டும்

வயலின் வாசிக்கும்போது பேசாதீர்கள். பதுங்குகுழிக் காட்சியில் பேசாதீர்கள், அங்கே விளங்காதது எதுவும் இல்லை. ஜெர்மன் சாராயக் கடையில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். பின்பாதியில் பாரிஸ் கஃபேயில் எல்லாரும் எழுந்து நின்று வேறொரு பாட்டுப் பாடுவார்கள். இரண்டு இடத்திலும் ‘இது இவங்க நாட்டுப் பாட்டு’ என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது பாட்டின்போது ஆன்னா முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஆச்சி, ‘முன்னாடி அவன் உக்காந்திருந்தான், இப்ப இவ உக்காந்திருக்கா’ என்றார். அதை நான் சொல்லியிருந்தால் சப்பென்று போயிருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் தலைகீழ். டாக்டர் ஐயா சாராயக் கடையில் மற்ற அப்பாக்களிடம் பேசுவது. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பினது யார், கையில் துப்பாக்கி கொடுத்தது யார், நாம்தானே என்கிற பேச்சு. அதை ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள். நடிக்காமல், நிறுத்தி. முன்கூட்டிப் பத்துத் தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றிலும் தப்பு விட்டாலும் இதில் விடக்கூடாது.

பாவமன்னிப்புக் கூண்டில் ஆன்னா பாதிரியாரிடம் தன் பொய்யைச் சொல்கிற காட்சியும் முழுதாகச் சொல்லத் தக்கது. உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம், இன்னும் கண்ணீர்தானே என்ற மாதிரி அவர் சொல்லிவிடுகிறார். அந்த நிமிஷம் யாராவது ஒருவர் ‘பொய்ம்மையும் வாய்மை இடத்த’ என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் ஆரம்பித்தது ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அவர்களாகச் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். 292-ஆம் குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. குற்றமே இல்லாத நன்மை. அது இந்தப் படத்தில் இருக்கிறதா என்று படமே இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நடுவில் நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

இடைவேளையை ஆட்ரியன் ரயிலேறிப் போனதற்குப் பிறகு, ஆன்னா பிரான்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் விடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவள் தண்ணீரில் இறங்கிச் சாகப் பார்க்கும் காட்சி ஒன்று வருகிறது, காப்பாற்றிவிடுகிறார்கள். கதையில் திரும்பத் திரும்ப வருகிற, மானே என்ற பிரெஞ்சு ஓவியரின் ஓவியமும் தன்னைத்தானே சுட்டுக்கொண்ட ஒருவனைக் காட்டுவதுதான். வருகிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு துக்கம் நடந்திருக்கிறதா என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். நடந்திருந்தால் தனியாகக் கூப்பிட்டு, இன்ன மாதிரிக் காட்சி வரும் என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டு வராமல் இருந்துவிட்டார். மறுநாள் கும்மாயம் மட்டும் கொடுத்தனுப்பினேன்.

பொய்க் கடிதம்

ஆட்ரியனிடமிருந்து கடிதம் வருகிறது. பெரியவர்கள் ஆவலாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆன்னா தாளைப் பார்த்து வாசிக்கிறாள். தாளில் இருப்பது ஒன்று, அவள் வாய் சொல்வது ஒன்று. இதைச் சொல்ல நான் இரண்டு மாதிரி முயன்றேன். ‘அவள் மாற்றி வாசிக்கிறாள்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர்கள் அவள் பக்கம் வந்துவிடுகிறார்கள், பெரியவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. எதையும் சொல்லாமல் விட்டால் குழம்புகிறார்கள். இப்போது அவள் வாசிப்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கிறேன். விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. எப்படிப் புரிகிறது என்று எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை போட்டபோது தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு என் பெரியாத்தா முறையில் ஒருவர் வந்திருந்தார், தொண்ணூற்றொரு வயது. படம் முடிந்ததும் நான் விளக்கைப் போடுவதில்லை. எப்படி இருந்தது என்று கேட்பதும் இல்லை. கடைசி எழுத்துகள் ஓடி முடியும்வரை விட்டுவிடுவேன், பேச நினைப்பவர்கள் இருட்டில்தான் பேசுவார்கள். அன்றைக்கு அவர் பேசினார்.

‘எங்க அப்பத்தாவுக்கு நாந்தேன் கடுதாசி வாசிப்பேன்.’

ரங்கூனில் அவருடைய சித்தப்பா பெட்டியடிப் பையனாக இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாரையும் போல நடந்தே கிளம்பினார். வந்து சேரவில்லை. மலைப்பாதையில் காய்ச்சலில் போய்விட்டார் என்று கூட நடந்தவர்கள் வந்து சொன்னார்கள். அப்பத்தாவிடம் மட்டும் சொல்லவில்லை. பர்மா விழுந்த பிறகு அங்கிருந்து தபால் வர வழியில்லை. அதனால் கல்கத்தாவில் வேலையில் இருப்பதாகச் சொல்லி, இவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மாதம் ஒரு கடிதம் எழுதி இவர் கையில் கொடுப்பார். படிக்கத் தெரிந்த குழந்தை இவர்தான். அப்போது ஒன்பது வயது.

‘ஒரு மாசம் அப்பச்சி எழுதலை. அப்பத்தா கேட்டுக்கிட்டே இருந்தாக. நான் கணக்குப் போட்ட தாளை எடுத்து வச்சுக்கிட்டு நானா வாசிச்சேன். செவலைப்பசு கன்னு போட்ருச்சான்னு கேட்டு எழுதிருக்காக அப்பத்தான்னேன். அப்பச்சி எழுதுனதுல ஒருநாளும் பசுவைக் கேட்டதில்லை. சித்தப்பா இருந்தா அதைத்தான் மொதல்ல கேப்பாக. அன்னைக்குத்தேன் அப்பத்தா வயிறாரச் சாப்புட்டாக.’

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தம்பி மகனைக் கூப்பிட்டு, ‘அப்பு, அந்தப் பொண்ணு வாசிக்கிற எடத்தை இன்னொருக்கப் போடு’ என்றார். நான் மைக்கை எடுத்தேன். ‘நீ பேசாதே’ என்றார் என்னிடம்.

அந்த இடம் எத்தனையாவது நிமிஷத்தில் இருக்கிறது என்று நான் குறித்து வைத்திருக்கவில்லை. தம்பி மகன் முன்னும் பின்னும் ஓட்டித் தேடினான். ஆட்ரியன் ரயிலில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். பெரியாத்தா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உங்கள் நோட்டில் அந்த நிமிஷத்தை முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.